நிபோங் திபால்ல பழைய நிலப் பத்திரமும் ஃப்ளாட் கிராண்ட்டும் பார்க்கிற லாயர் ஆபீஸ்: என்னோட ரிவியூ

பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் டவுன்ல பழைய கடைவீட்டு மாடியில ஒரு சின்ன லாயர் ஆபீஸ் இருக்கு, ஒரு லாயரம்மா, ரெண்டு கிராணி (குமாஸ்தா), அவ்ளோதான். பேர் இங்க போடல, ஏன்னா கடைசியில கொஞ்சம் குறையும் சொல்லப் போறேன், நம்ம ஊர் ஆளுங்களுக்கு மாடியில இருக்கிற தமிழ் லாயர்னு சொன்னாலே புரிஞ்சிடும். எனக்கு ரெண்டு வேலை இருந்துச்சு. ஒன்னு எங்க தாத்தா வாங்கின நிலம், தோட்டத்து எல்லையை ஒட்டின துண்டு, அதோட பத்திரம் தகரப் பெட்டியிலயே கெடந்துச்சு. இன்னொன்னு அம்மா இருக்கிற அஞ்சு மாடி ஃப்ளாட், வாங்கி இத்தனை வருஷம் ஆகியும் கையில கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், கெடையாது. ரெண்டையும் இங்கதான் குடுத்தோம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க, நம்ம தோட்டத்து ஆளுங்க வீட்ல இதே மாதிரி பெட்டி நெறைய இருக்கு.

இவங்ககிட்ட எனக்கு ரொம்ப புடிச்சது, பேப்பரை உட்கார்ந்து படிச்சு சொல்றாங்க. இதுக்கு முன்னாடி வேற டவுன்ல ஒரு ஆபீஸ்ல சித்தப்பா இதே பத்திரத்தை குடுத்திருந்தாரு, ஃபைல் தொறக்க காசு வாங்கினாங்க, போட்டோஸ்டேட் எடுத்து வச்சுகிட்டாங்க, எப்ப கேட்டாலும் லேண்ட் ஆபீஸ்ல இருந்து பதில் வரலன்னு ஒரே பாட்டு, கடைசியில பார்த்தா சர்ச் கூட, அதாவது லேண்ட் ஆபீஸ் பதிவேட்டுல யார் பேர் இருக்குன்னு கூட, எடுத்து பார்க்கல. இங்க வந்த மொத நாளே பெரிய கிராணி அக்கா மேஜையை தொடைச்சுட்டு பத்திரத்தை மெதுவா விரிச்சு மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னாங்க. அத்தை பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க, எழுபது தாண்டினவங்க, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க, அவங்க அப்பா கைநாட்டு வச்ச எடத்தை அன்னிக்குத்தான் மொத தடவையா பார்த்தாங்க. கைநாட்டுக்குப் பக்கத்துல, இந்த பத்திரத்தை தமிழ்ல படிச்சு வெளக்கி சொன்னோம், அவருக்கு புரிஞ்சுதுன்னு மொழிபெயர்த்தவர் கையெழுத்து போட்டிருந்தாரு. அத்தை அந்த வரியை ரெண்டாவது தடவை படிக்க சொல்லி கேட்டாங்க. அக்காவும் சலிச்சுக்காம படிச்சாங்க.

அந்த பத்திரம் எப்படி இருக்கும்னு சொல்றேன், உங்ககிட்டயும் பழசு இருந்தா ஒப்பிட்டு பார்த்துக்கலாம். மேல பெரிய எழுத்துல இண்டெஞ்சர்னு இருக்கும், பழைய இங்கிலீஷ் முறை பத்திரத்துக்கு அதுதான் பேரு, அப்புறம் தேதி, விக்கிறவர் வாங்கறவர் பேரு, அதுக்கு கீழ இந்த நிலம் இதுக்கு முன்னாடி யார் யார் கையில இருந்துச்சு, எந்த வருஷத்து எந்த நம்பர் பத்திரத்தால கை மாறுச்சுன்னு வரிசையா எழுதியிருப்பாங்க. பழைய முறையில அந்த சங்கிலிதான் உயிர், நடுவுல ஒரு பத்திரம் காணாம போனாலும் உரிமை ஆட்டம் கண்டுடும். அப்புறம் விலை, நாலு பக்கத்து எல்லை, அளவு. இந்த அளவுலதான் எங்க வீட்ல சண்டையே. பெரியப்பா ரெண்டு ஏக்கர்னு சொல்வாரு, சித்தப்பா இல்ல ரெண்டரைக்கு மேலன்னு சொல்வாரு, ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே பேச்சு. பத்திரத்துல ஏக்கரே இல்ல, ஓர்லோங், ஜும்பான்னு இருந்துச்சு. பினாங்கு கணக்குல ஒரு ஓர்லோங்னா 400 ஜும்பா, ஏக்கர்ல பார்த்தா சுமார் 1.3. தாத்தா வாங்கினது 2 ஓர்லோங். சித்தப்பா கணக்குதான் சரி.

உங்க பத்திரத்துல ஓர்லோங் இல்லாம 0-2-12ன்னு மூனு நம்பர் இருந்தா அது ஏக்கர், ரூட், போல். ஒரு ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 போல், ஒரு போல் 272 சதுர அடி சொச்சம். அப்போ 0-2-12ன்னா 92 போல், ஏறக்குறைய 25,000 சதுர அடி. இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி கையில குடுத்தாங்க, நான் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், அன்னிக்கே பாதி சண்டை ஓஞ்சுபோச்சு.

இன்னொரு விஷயம் அக்கா கவனிச்சது. பத்திரத்தோட பின்பக்கம் அடமானம்னு ஒரு குறிப்பு இருந்துச்சு, தாத்தா ஒரு செட்டியார்கிட்ட கடன் வாங்கியிருக்காரு. பழைய இங்கிலீஷ் முறையில அடமானம்னா நிலத்தையே கடன் குடுத்தவர் பேருக்கு எழுதி குடுத்துடணும், கடன் அடைச்சதும் அவரு திருப்பி எழுதி குடுக்கணும், அந்த திருப்பி எழுதின பத்திரமும் இருந்தாதான் கணக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அக்கா பெட்டியில இருந்த எல்லா பேப்பரையும் கொண்டு வர சொன்னாங்க, ரசீது, பழைய கடிதாசி எதையும் வீட்லயே கழிச்சு போடாதீங்கன்னாங்க. கொண்டு போனோம். வேற ஒரு கவருக்குள்ள நாலா மடிச்சு அந்த பேப்பர் இருந்துச்சு. நாங்களா பிரிச்சிருந்தா அதை தேவையில்லாததுன்னு ஓரம் கட்டியிருப்போம்.

அதே பெட்டியில தேசிய நில நிதி கூட்டுறவு சங்கத்தோட பழைய பங்கு புத்தகமும் இருந்துச்சு. வெள்ளைக்காரங்க தோட்டத்தை துண்டு துண்டா வித்துட்டு கெளம்பின காலத்துல துன் சம்பந்தன் 1960-ல ஆரம்பிச்ச சங்கம், தோட்டத்து ஜனங்க மாசம் 10 வெள்ளி கட்டி சேர்ந்து, 1961-ல கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினாங்க. அதை நெனச்சா இன்னிக்கும் எனக்கு பெருமையா இருக்கு. ஆனா எங்க பெரியப்பா அந்த புத்தகத்தையும் ஒரு நிலப் பத்திரம்னு நெனச்சுட்டு இருந்தாரு. அது சங்கத்துல பங்கு, நிலத்துல ஒரு துண்டு நம்ம பேர்ல இருக்குன்னு அர்த்தம் கெடையாது, வாரிசு பேருக்கு மாத்த சங்கத்துலயே கேட்கணும்னு அக்கா தனியா ஒரு கவர்ல போட்டு குடுத்துட்டாங்க.

இப்போ முக்கியமான கேள்வி, அந்த பழைய இண்டெஞ்சர் கையில இருந்தா நிலம் நம்மளுதா? லாயரம்மா இதை நல்லா வெளக்கினாங்க. பினாங்கும் மலாக்காவும் மத்த மாநிலம் மாதிரி இல்ல. 1786-ல இங்கிலீஷ்காரன் தீவுக்கு வந்தான், 1800-ல நம்ம செபராங் பிறை பக்கமும் அவன் கைக்கு போச்சு, 1807-ல இருந்து இங்கிலீஷ் சட்டம், நிலமும் இங்கிலீஷ் பத்திர முறையில ஓடிச்சு. பேரா, சிலாங்கூர் பக்கம்லாம் நாடு சுதந்திரம் வாங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே பதிவேட்டு முறைதான், அரசாங்க பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர். தேசிய நிலச் சட்டம் 1965-ல வந்து 1966 ஜனவரி 1-ல அமலுக்கு வந்தப்போதான் நாமளும் அந்த முறைக்கு மாறினோம், அதுக்காகவே பினாங்கு மலாக்காவுக்கு 1963-ல தனி சட்டம் போட்டு, பத்திரத்துல இருந்த நிலத்தையெல்லாம் மொதல்ல ஒரு இடைக்கால பதிவேட்டுல ஏத்தி, அளந்து, அப்புறம் புது கிராண்ட் குடுத்தாங்க. அதனால பெட்டியில இருக்கிற இண்டெஞ்சர் இன்னிக்கு ஒரு சாட்சி. ஓனர்ஷிப் பதிவேட்டுலதான் இருக்கு.

அதனால மொத வேலை சர்ச். ரெண்டு வகை இருக்கு, தனிப்பட்ட சர்ச் ஒன்னு, அதிகாரப்பூர்வ சர்ச் ஒன்னு, நிலச் சட்டத்துல செக்‌ஷன் 384, 385. ரெண்டாவதுதான் லேண்ட் ஆபீஸ் சான்றிதழா குடுக்கும், பேங்க், கோர்ட் எல்லாம் அதைத்தான் கேட்கும். கஷ்டம் என்னன்னா பத்திரத்துல இருக்கிற பழைய லோட் நம்பரை போட்டா ஒன்னும் வரல, மறுபடி அளந்தப்போ நம்பர் மாறியிருக்கு. கிராணி தம்பி பழைய பிளானையும் பக்கத்து நிலத்து நம்பரையும் வச்சு தேடி புது நம்பரை புடிச்சாரு. இதுக்கு ரொம்ப நாள் ஆச்சு, ஆனா இந்த வேலையை எந்த ஆபீஸும் சும்மா எடுத்து செய்யாது, இவங்க செஞ்சாங்க.

சர்ச் பேப்பர் வந்தப்போ அதையும் வரி வரியா படிச்சாங்க. பேரு தாத்தா பேரு. பெகாங்கான், அதாவது உரிமை வகை, எழுதற எடத்துல செலாமா லாமாஞான்னு இருந்துச்சு, என்னைக்கும்னு அர்த்தம், அதுதான் ஃப்ரீஹோல்டு. 99 வருஷ லீஸா இருந்தா அந்த எடத்துல வருஷமும் முடியற தேதியும் போட்டிருக்கும். கிராண்ட்டுல முதல் தரம்னு ஒரு குறிப்பும் இருந்துச்சு, பினாங்கு மலாக்காவுல பழைய பத்திரத்துல இருந்து வந்த நிலத்துக்கு மட்டும் வர்றது அது, நில உபயோகத்துல கட்டுப்பாடு கம்மி, அதனாலதான் புரோக்கருங்க இந்த மாதிரி நிலத்தை தேடி அலையறாங்க. அதுக்காக நாளைக்கே கட்டடம் கட்டிடலாம்னு நெனைக்காதீங்க, நகராண்மை அனுமதி எல்லாம் தனி. அப்புறம் ஷராட் ஞாத்தா, செக்காத்தான் கெப்பெந்திங்கான்னு ரெண்டு எடம் இருக்கும், நிலத்துல என்ன செய்யலாம், யார் சம்மதம் இல்லாம விக்க முடியாதுங்கிறது அதுலதான் இருக்கு, நிலம் வாங்கப் போறவங்க மொதல்ல அந்த ரெண்டு எடத்தை பாருங்க. கெவியாட் (யாராவது போட்ட தடை), பேங்க் அடமானம் எதுவும் இருந்தா அதுவும் கீழ பதிஞ்சிருக்கும். எங்களுதுல ஒன்னும் இல்ல.

ஃப்ரீஹோல்டுன்னா யாரும் ஒன்னும் செய்ய முடியாதுன்னு நம்ம ஆளுங்க நெனைக்கிறாங்க. குவிட் ரெண்ட், அதாவது நில வரி, கட்டாம விட்டா லேண்ட் ஆபீஸ் 6ஏ நோட்டீஸ் அனுப்பும், அப்பவும் கட்டலன்னா நிலத்தையே எடுத்துக்க சட்டத்துல எடம் இருக்கு. அரசாங்கம் ரோட்டுக்கோ வேற எதுக்கோ வேணும்னா 1960 நில ஆர்ஜித சட்டத்துல இழப்பீடு குடுத்து எடுத்துக்கலாம், ஃப்ரீஹோல்டு லீஸ்ஹோல்டு பார்க்காது. இன்னொன்னு, இத்தனை வருஷம் குவிட் ரெண்ட் கட்டினது சித்தப்பா, அதனால நிலம் எனக்குத்தான்னு அவரு நெனச்சுட்டு இருந்தாரு. லாயரம்மா அவரை உட்கார வச்சு, அண்ணே, ரசீது நீங்க கட்டினதுக்கு ஆதாரம், அந்த காசை கணக்குல கழிச்சு கேட்கலாம், ஆனா நிலம் உங்க அப்பா பேர்லதான் இருக்குன்னு தெளிவா, மனசு நோகாம சொன்னாங்க. எங்க வீட்ல யாரு சொல்லியிருந்தாலும் பெரிய சண்டை ஆயிருக்கும்.

அடுத்தது பங்கு. தாத்தா உயில் எழுதல. சின்ன சொத்து பங்கீட்டுக்கு லேண்ட் ஆபீஸ் வழியாவே போகலாம், பாரம் ஏ போட்டு மனு குடுக்கணும், சொத்து மதிப்பு வரம்பு முன்னாடி 20 லட்சம் வெள்ளியா இருந்தது 2024 ஜூலைல இருந்து 50 லட்சம் ஆயிடுச்சு. இதுக்கு லாயரே தேவையில்ல, நீங்களே போய் போடலாம், பேப்பரை மட்டும் நான் அடுக்கி தர்றேன்னு அவங்களே சொன்னாங்க. இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அஞ்சு ஸ்டார் குடுப்பேன், பெரிய ஃபீஸ் வாங்கிட்டு ஹைகோர்ட்டுக்கு இழுத்திருக்கலாம், செய்யல. முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1958 பங்கீட்டு சட்டம், அதை 1997-ல மாத்தினாங்க, அதனால எப்ப இறந்தாங்கங்கிற தேதி முக்கியம். மனைவி மக்கள் மட்டும் இருந்தா மனைவிக்கு மூனுல ஒரு பங்கு, மிச்சம் புள்ளைங்களுக்கு, பையன் பொண்ணுன்னு வித்தியாசம் கெடையாது. அத்தைங்களுக்கு கல்யாணத்துலயே நகை போட்டாச்சு, பங்கு கெடையாதுன்னு பேசினவங்க எங்க குடும்பத்துலயும் இருக்காங்க. சட்டம் அப்படி சொல்லல. சமமா கெடைக்கும். அத்தை அன்னிக்கு படி இறங்கும்போது ஒன்னும் பேசல, ஆனா கீழ கடையில எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கி குடுத்தது அவங்கதான்.

இதுல ரொம்ப படுத்தினது பேருங்க. பத்திரத்துல தாத்தா பேரு ஒரு ஸ்பெல்லிங், பழைய ஐசில (அடையாள அட்டை) ஒன்னு, இறப்பு பத்திரத்துல இன்னொன்னு, அவங்க அப்பா பேரு மூனு எடத்துலயும் மூனு மாதிரி. தோட்டத்து கிராணி காதுல விழுந்ததை எழுதின காலம் அது. ஒவ்வொன்னுக்கும் இவரும் அவரும் ஒரே ஆள்தான்னு சத்திய பிரமாணம் எழுதி, கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் முன்னாடி கையெழுத்து போட்டோம். உங்க வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா இந்த வேலையை இப்பவே முடிங்க, ஏன்னா அந்த ஆளை நேர்ல தெரிஞ்சவங்க சொல்ற வார்த்தைக்குத்தான் வெயிட்டு, பேரப்புள்ளைங்க நாம என்னத்த சொல்றது.

ஏன் இதுக்கு இவ்ளோ அவசரப்படுத்தறேன்னா, செத்தவங்க பேர்ல சும்மா கெடக்கிற நிலம் ஆபத்து. பினாங்குல தஞ்சோங் பூங்கா நிலத்தை ஒருத்தர் போலி கையெழுத்து போட்டு வித்த கேஸ் இருக்கு, பூன்சோம் பூன்யானிட் கேஸ்னு லாயருங்க எல்லாருக்கும் தெரியும், 2000-ல ஃபெடரல் கோர்ட் வாங்கின கம்பெனி பக்கமே தீர்ப்பு குடுத்துச்சு, உண்மையான ஓனர் கையை விட்டு நிலம் போச்சு. 2010-லதான் டான் யிங் ஹோங் கேஸ்ல அந்த தீர்ப்பு தப்புன்னு அதே ஃபெடரல் கோர்ட் மாத்துச்சு. பத்து வருஷம். இப்போ சட்டம் ஓனர் பக்கம் நிக்குது, ஆனா நிலம் போலியா கை மாறி, அதுக்கப்புறம் இன்னொருத்தர் நல்லெண்ணத்தோட காசு குடுத்து வாங்கிட்டா திருப்பி எடுக்கிறது இன்னிக்கும் கஷ்டம்னு லாயரம்மா சொன்னாங்க. அதனால அப்பப்ப ஒரு சர்ச் எடுத்து பாருங்க, பெரிய காசு கெடையாது.

இப்போ அம்மாவோட ஃப்ளாட்டுக்கு வர்றேன். அப்பா இதை வாங்கினது 90-கள்ல, அதுவும் டெவலப்பர்கிட்ட இல்ல, மொதல்ல வாங்கினவர்கிட்ட இருந்து. அப்போ ஸ்ட்ராட்டா டைட்டில், அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனி கிராண்ட், வரல, நிலம் முழுசுக்கும் ஒரே மாஸ்டர் டைட்டில், அது டெவலப்பர் பேர்ல. அதனால ஃப்ளாட்டு கை மாறினது டீட் ஆஃப் அசைன்மெண்ட்டுங்கிற ஒரு பேப்பர்ல, அதாவது மொத ஆளு டெவலப்பரோட போட்ட ஒப்பந்தத்துல தனக்கு இருக்கிற உரிமையை அப்பாவுக்கு எழுதி குடுத்தாரு. தாத்தா பத்திரத்துல எப்படி சங்கிலி இருந்துச்சோ அதே மாதிரிதான் இங்கயும், மொத விற்பனை ஒப்பந்தம், அசைன்மெண்ட், பேங்க் கடன் இருந்தா அதை அடைச்சதுக்கு பேங்க் உரிமையை திருப்பி குடுத்த பத்திரம், இந்த மூனும் ஒரிஜினலா இருக்கணும். மூனாவது பேப்பரை நம்ம ஆளுங்க நெறைய பேரு வாங்கறதே இல்ல, கடைசி மாசம் கடன் கட்டி முடிச்சதும் கடிதாசி வந்துச்சு, சரி முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க. பேங்க்ல கேட்டு அதை வாங்கி வச்சுக்குங்க.

சர்ச் எடுத்தப்போ தெரிஞ்சுது, ஸ்ட்ராட்டா டைட்டில் எப்பவோ வந்துடுச்சு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி டைட்டில், எங்க வீட்டுதும் இருக்கு, ஆனா இன்னும் டெவலப்பர் பேர்லயே தூங்குது. எங்க ப்ளாக்ல பாதி பேருக்கு இதே நெலமை, யாருக்கும் தெரியாது. ஏதோ கடிதாசி வந்ததா மூனாவது மாடி அண்ணன் சொல்றாரு. டெவலப்பர் கம்பெனி இன்னும் நடந்தா அவங்க 14ஏ பாரத்துல கையெழுத்து போட்டு மாத்தலாம். கம்பெனி மூடியிருந்தா லிக்விடேட்டரை, அதாவது மூடின கம்பெனி கணக்கை முடிக்கிறவரை, தேடி புடிச்சு கையெழுத்து வாங்கணும், அதுக்கு தனி ஃபீஸ், தனி காத்திருப்பு. எங்களுது ரெண்டாவது வகை. லாயரம்மா, ப்ளாக்ல உள்ளவங்க எல்லாரும் சேர்ந்து வந்தா ஒரே கடிதாசியில கேட்கலாம், செலவு பிரிச்சுக்கலாம்னு சொல்லி, எங்க ஃப்ளாட் கீழயே ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பேசினாங்க, அதுக்கு காசு வாங்கல.

அந்த கூட்டத்துல எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, ஃப்ரீஹோல்டு ஃப்ளாட்டுன்னு சொல்றாங்களே, அப்போ கீழ இருக்கிற நிலம் யாருது? அவங்க சொன்னது இப்படி. ஃப்ளாட்டோட ஃப்ரீஹோல்டு மாஸ்டர் டைட்டில்ல இருந்து வருது, அது ஃப்ரீஹோல்டுன்னா ஸ்ட்ராட்டாவும் ஃப்ரீஹோல்டு, அது 99 வருஷம்னா இதுவும் அதே தேதியில முடியும். உங்க பேர்ல வர்றது உங்க வீட்டு சுவத்துக்குள்ள இருக்கிற எடம், கார் பார்க் டைட்டில்ல துணைப் பார்சலா எழுதியிருந்தா அதுவும், அதை வீட்டுல இருந்து பிரிச்சு தனியா விக்க முடியாது. நிலம், படி, கூரை, தண்ணி டேங்க் எல்லாம் பொது சொத்து, அது மேனேஜ்மெண்ட் கார்ப்பரேஷன் பேர்ல இருக்கும், அந்த கார்ப்பரேஷன்ல இருக்கிறது வீட்டு ஓனருங்க எல்லாரும்தான். 1985 ஸ்ட்ராட்டா டைட்டில் சட்டம் இதை சொல்லுது, 2013 ஸ்ட்ராட்டா நிர்வாக சட்டம் மெயின்டனன்ஸ் காசை பத்தி சொல்லுது, அது 2015 ஜூன்ல அமலுக்கு வந்துச்சு. டைட்டில்ல ஷேர் யூனிட்னு ஒரு நம்பர் இருக்கும், மெயின்டனன்ஸ் எவ்ளோ கட்டணும், ஓட்டு எண்ணும்போது உங்க பலம் எவ்ளோங்கிறதுக்கு அதுதான் அளவு. கூரை ஒழுகினா மேல் மாடிக்காரன் தலையில கட்டறது எங்க ப்ளாக்ல பழக்கம், அன்னிக்கு எல்லாருக்கும் புரிஞ்சுது கூரை எல்லாரோடதும்னு. அடுத்த மாசமே ரெண்டு மூனு வீடு பாக்கி மெயின்டனன்ஸை கட்டினாங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

என் சித்தி மகன் இங்கிலாந்துல இருக்கான், அவன் ஃப்ளாட்டு லீஸ்ஹோல்டு, அங்க ஃப்ளாட்டுன்னாலே பெரும்பாலும் அப்படித்தானாம், நிலமும் கட்டடமும் வேற ஒருத்தர் பேர்ல, அவருக்கு வருஷா வருஷம் வாடகை மாதிரி ஒன்னு கட்டறவங்களும் இருக்காங்க. 2002-ல காமன்ஹோல்டுன்னு நம்ம ஸ்ட்ராட்டா மாதிரி ஒன்னு சட்டத்துல கொண்டு வந்தாங்க, ஆனா அதிகம் பேரு அதுக்கு மாறல. அதை கேட்டப்புறம் நம்ம ஊரு ஏழை ஃப்ளாட்டுக்கும் தனி கிராண்ட் இருக்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு தோணுச்சு. அதை பேருக்கு மாத்தாம விடறது அநியாயம்.

ஒரு நாள் நான் காத்திருந்தப்போ ஒரு தாத்தா வந்தாரு, முன்னாடி ஏதோ தோட்டத்துல வேலை செஞ்சவரு, கையில டிஓஎல் பேப்பர், அதாவது அரசாங்க நிலத்துல இருக்க குடுக்கிற லைசென்ஸ், பத்திரமா பிளாஸ்டிக்ல வச்சிருந்தாரு, இதை மகன் பேருக்கு மாத்தணும்னாரு. லாயரம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்து, தாத்தா இது தற்காலிக லைசென்ஸ், வருஷ வருஷம் டிசம்பரோட முடிஞ்சிடும், புதுப்பிக்கணும், இதை விக்கவோ எழுதி வைக்கவோ முடியாது, ஆளு போயிட்டா அதுவும் போயிடும்னு சொல்லிட்டு, மாநில அரசாங்கத்துக்கு நிலம் கேட்டு எப்படி மனு போடறது, மகன் பேர்ல புது லைசென்ஸ் எப்படி கேட்கிறதுன்னு கிராணி தம்பியை விட்டு எழுதி குடுத்தாங்க. ஃபைல் தொறக்கல, காசு வாங்கல. டிஓஎல் நிலத்துல பத்தாயிரம் இருபதாயிரம் போட்டு வீடு கட்டினவங்க நம்ம ஜனங்கள்ல எத்தனை பேரு. அவங்க எல்லாருக்கும் இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கணும்.

செலவு விஷயம். மொதல்லயே எழுதி குடுத்துட்டாங்க, அதுக்கு மேல ஒரு காசு ஏறல. வீடு நிலம் வாங்கி விக்கிறதுக்கு லாயர் ஃபீஸ் அரசாங்க கட்டணப்படிதான், 2023 ஜூலைல இருந்து மொத 5 லட்சம் வெள்ளி வரைக்கும் 1.25 விழுக்காடு, கொறஞ்சது 500 வெள்ளி, அது மேல 8 விழுக்காடு சர்வீஸ் டேக்ஸ். ஸ்டாம்ப் டூட்டி தனி, மொத 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் 2 விழுக்காடு. ஃப்ளாட்டு அம்மா பேருக்கு வந்தப்புறம் தம்பி பேருக்கு மாத்தணும்னு அம்மாவுக்கு ஆசை, பெத்தவங்க புள்ளைக்கு அன்பளிப்பா குடுத்தா 2023 ஏப்ரல்ல இருந்து மொத 10 லட்சம் வெள்ளி மதிப்பு வரைக்கும் ஸ்டாம்ப் டூட்டி கெடையாது, வாங்கற புள்ளை மலேசிய பிரஜையா இருக்கணும். இதை நாங்க கேட்காமலேயே சொன்னாங்க.

குறைன்னா, போன் எடுக்கவே மாட்டாங்க. வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டா ரெண்டு நாள் கழிச்சு ‘பெண்டிங்’னு ஒரே வார்த்தை வரும், நேர்ல அவ்ளோ அழகா வெளக்கறவங்க மெசேஜ்ல இப்படி பண்றது எனக்கு வருத்தம், தூரத்துல இருக்கிற சொந்தக்காரங்க நம்பள சந்தேகப்படறாங்க. லாயரம்மா கோர்ட்டுக்கு போற நாள்ல அப்பாயின்மெண்ட் இருந்தாலும் மணிக்கணக்குல உட்காரணும். மாடிப்படி ரொம்ப செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், அத்தை மூச்சு வாங்கிட்டாங்க, வயசானவங்க வர்ற ஆபீஸ்ல இது சரியில்ல, நேர்லயும் சொல்லிட்டேன். கீழ வந்து கையெழுத்து வாங்கிக்கறோம்னு சொன்னாங்க, அடுத்த தடவை அதே மாதிரி கீழ கடையில வச்சுதான் அத்தைகிட்ட கையெழுத்து வாங்கினாங்க.

இப்போ தாத்தா நிலத்துக்கு மனு போட்டாச்சு, லேண்ட் ஆபீஸ் விசாரணை தேதிக்கு காத்திருக்கோம், ஃப்ளாட்டுக்கு லிக்விடேட்டர்கிட்ட இருந்து மொத பதில் வந்திருக்கு, ப்ளாக்ல 30-க்கு மேல வீடு சேர்ந்திருக்காங்க. நீங்க போறதா இருந்தா காலையிலயே போங்க, பார்க்கிங் மார்க்கெட் பக்கம்தான் கெடைக்கும். ஐசி காப்பி, இறந்தவங்க இறப்பு பத்திரம், கல்யாண பத்திரம், கடைசி குவிட் ரெண்ட் பில், அசெஸ்மெண்ட் (வீட்டு வரி) பில், பெட்டியில இருக்கிற பழைய பேப்பர் அத்தனையும் பிரிக்காம எடுத்துட்டு போங்க, பழைய பத்திரத்தை லாமினேட் மட்டும் பண்ணிடாதீங்க. பேரு விவரம் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தரை கூட்டிட்டு போனா நல்லது, வர்றேன்னு முன்னாடியே சொல்லிட்டா கிராணி தம்பி கீழ நாற்காலி போட்டு வைப்பாரு.